மரப்பலகை பேச, ஊர் பதில் சொல்லும்

பேசும் கருவிகள்: ஒரு வரலாறு – 9

சென்ற இதழில் காங்கோ ஆற்றங்கரையில் நின்றிருந்தோம். குடைந்த மரமுரசின் பேச்சைக் கற்று, 1949இல் அதை நூலாக்கிய ஜான் கேரிங்டனின் கதையை அங்கே பார்த்தோம். அந்த முரசு தூரத்து ஊருக்குச் செய்தி அனுப்பும் கருவி. ஆள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும்போதுதான் அதற்கு வேலை.

இந்த முறை வடமேற்கே, புல்வெளி நாட்டுக்குப் போகிறோம். மாலி, புர்க்கினா ஃபாசோ, கினி, கானா, ஐவரி கோஸ்ட் என்று இன்று பிரிந்து கிடக்கும் நிலம் அது. அங்கே உள்ள கருவி எதிரே உட்கார்ந்திருப்பவரோடு பேசுகிறது. பெயர் சொல்லி அழைக்கிறது, நலம் விசாரிக்கிறது, காசு கேட்கிறது, சீண்டுகிறது. கேட்பவர் வாயால் பதில் சொல்கிறார். வாசிப்பவர் வாயைத் திறப்பதேயில்லை.

வெளியுலகம் அதை பலாஃபோன் என்கிறது. வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட மரப்பலகைகள், ஒவ்வொன்றின் அடியிலும் அதன் சுரத்துக்கு இசைந்த அளவில் ஒரு சுரைக்குடுக்கை, நுனியில் ரப்பர் உருண்டை வைத்த இரண்டு குச்சிகள். குடுக்கையில் சிறு துளைகள் இட்டு, சிலந்தி முட்டையிடும் கூட்டின் மெல்லிய படலத்தை அவற்றின்மேல் ஒட்டுவார்கள். பலகையைத் தட்டியதும் அந்தப் படலம் அதிர்ந்து ஒரு ரீங்காரம் எழும். பழகாத காதுக்கு அது கருவியின் குறைபோல ஒலிக்கும். அந்த ஊர்க்காரருக்கோ ரீங்காரம் இல்லாத பலாஃபோன் உயிரற்றது. சிலந்திப் படலம் கிடைக்காத இடத்தில் சிகரெட் தாளையோ மெல்லிய பிளாஸ்டிக்கையோ ஒட்டுகிறார்கள். ரீங்காரத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்தக் கருவி வரலாற்று ஏட்டில் ஏறியது 14ஆம் நூற்றாண்டில். ஏற்றியவர் நமக்குத் தெரிந்தவர்தான். மாலத்தீவில் காஜியாக இருந்து, இலங்கையைச் சுற்றி, மதுரை சுல்தானின் பாளையத்தில் தங்கி, எல்லாவற்றையும் எழுதிவைத்த இபுன் பதூதா, 1352இல் சகாரா பாலைவனத்தைக் கடந்து மாலி பேரரசின் தலைநகரை அடைந்தார். அப்போது ஆண்டவர் மன்சா சுலைமான். மன்னரிடம் யாரும் நேரே பேசிவிட முடியாது. துகா என்றொரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். மன்னரின் சொல் வெளியே வருவதும் மக்களின் சொல் உள்ளே போவதும் அவர் வழியாகத்தான். பெருநாள்களில் அந்த துகாவுக்கு ஓர் இருக்கை போடப்படும். அவர் அதில் அமர்ந்து, நாணலால் செய்து அடியில் சிறு குடுக்கைகள் கோத்த கருவியை வாசித்தபடி மன்னரின் போர்களையும் வெற்றிகளையும் பாடுவார், அவருடைய மனைவியரும் அடிமைப் பெண்களும் உடன் பாடுவார்கள் என்று பதூதா எழுதுகிறார்.

குடுக்கைகளைச் சொன்னதால் கருவி எதுவென்று ஐயமில்லை. என்னைக் கவர்வது வேறொன்று. அந்த அவையில் பேச்சுக்குப் பொறுப்பானவரும் பலாஃபோனுக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆள். மன்னரின் நாவாக இருந்தவர் கையில்தான் குச்சிகள் இருந்தன. பதூதா உன்னிப்பானவர். ஆனால் அவர் அந்த நாட்டு மொழியை அறியாதவர். பாடியதைப் பாட்டு என்றும் வாசித்ததை வாத்தியம் என்றும் பிரித்து எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்.

இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் இன்னொரு சாட்சி. ஆங்கிலேய வணிகர் ரிச்சர்ட் ஜாப்சன் 1620–21இல் காம்பியா ஆற்றில் பொன் தேடிப் போனார்; 1623இல் தன் பயணத்தை நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ பதினேழு மரக்கட்டைகள், தரையில் அமர்ந்து இரு கையாலும் தட்டும் கலைஞர், கட்டை ஓசை எழாதபடி மெத்தென்று பொதிந்த குச்சிமுனை என்று அவருடைய வருணனை துல்லியமானது. அவரும் காதில் விழுந்ததை இசை என்று மட்டும்தான் எழுதினார். இந்தக் கருவியைப் பற்றி வெளியார் எழுதியவற்றைத் தொடர்ந்து படித்துவந்தால், பல நூறு ஆண்டுகள் இதே கதைதான். கண் பார்த்தது, கை எழுதியது, காது பாதி கேட்டது.

உள்ளூர் வரலாறு இதற்கு நேர்மாறானது. மாண்டிங்கா மக்களின் பாணர் குலத்தாரை ஜெலிகள் என்பர். அவர்கள் வாய்மொழியாகக் காத்துவரும் சுன்ஜாத்தா காவியத்தில் பலாஃபோனுக்குத் தனி இடம் உண்டு. சோசோ நாட்டு மன்னன் சுமங்குரு காந்தே ஒரு மாய பலாஃபோனை ரகசிய அறையில் பூட்டிவைத்திருக்கிறான். அவனைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. சுன்ஜாத்தாவின் ஜெலியான பல்லா ஃபாசேக்கே அந்த அறைக்குள் நுழைந்து அதை வாசித்துவிடுகிறார். தொலைவிலிருந்தே அறிந்துகொண்ட மன்னன் கொல்லும் வெறியோடு வந்து சேர்கிறான். அவர் அந்தக் கணமே அவனைப் புகழ்ந்து பாடி வாசிக்க, சினம் தணிந்து, இவரைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். தப்பி ஓடாதபடி அவருடைய குதிகால் நரம்பை அறுத்தான் என்றும் சொல்வார்கள். பின்னர், 1235ஆம் ஆண்டு வாக்கில் நடந்த கிரினா போரில் சுன்ஜாத்தா வென்று மாலி பேரரசை நிறுவினார். பலாஃபோன் பல்லா ஃபாசேக்கேயின் வழிவந்த குயாத்தே குலத்தாரிடம் வந்தது.

அந்தக் கருவி இன்றும் இருக்கிறது. கினி நாட்டின் வடகிழக்கே நியகசோலா என்ற ஊரில், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளத்தில், 20 பலகைகளோடு ‘சோசோ பலா’ பாதுகாக்கப்படுகிறது. ‘பலாத்திகி’ என்ற பட்டம் பெற்ற குலத்தலைவர் மட்டுமே, அதுவும் இஸ்லாமியப் புத்தாண்டு, சில பெரியவர்களின் இறுதிச் சடங்கு போன்ற நாள்களில் மட்டுமே அதை வாசிப்பார். ஏழு வயதிலிருந்து பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதும் அவர் கடமை. 2001இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களை முதன்முதலாக அறிவித்தபோது அந்தப் பட்டியலில் சோசோ பலாவும் இருந்தது.

ஆனாலும் மாண்டிங்கா வழியில் பலா, அதாவது பலாஃபோன், பெரும்பாலும் வாய்ப்பாட்டின் துணையோடு வருவது. வாயின் துணை இல்லாமலே பலகை பேசும் இடம் கிழக்கே இருக்கிறது. இந்த இதழ் நெடுநேரம் தங்கப்போவது அங்கேதான்.

புர்க்கினா ஃபாசோவின் இரண்டாம் பெரிய நகரம் போபோ-டியுலாசோ. அதற்கு மேற்கே சில கிராமங்களில் சம்ப்லா மக்கள் வாழ்கிறார்கள். உழவர்கள். அவர்களுடைய மொழி சீன்கு. பேசுவோர் 17,000 பேர் அளவில்தான். நம் ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகைக்குள் அடங்கிவிடும் மொழி. பலாஃபோனை அவர்கள் ‘பான்’ என்கிறார்கள்.

சீன்கு தொனி மொழி. தமிழில் ‘வந்தான்’ என்பதை எந்தக் குரலில் சொன்னாலும் அவன் வந்தவன்தான். குரலை உயர்த்தினால் கேள்வி, இழுத்தால் வியப்பு, சொல் மாறாது. மேற்கு ஆப்பிரிக்காவின் பல மொழிகளில் சொல்லே மாறிவிடும். நைஜீரியாவின் யொரூபா மொழியில் ‘ஒக்கோ’ என்ற ஒரே ஈரசைச் சொல், அசைகளின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து, கணவன் ஆகும், மண்வெட்டி ஆகும், ஈட்டி ஆகும், வண்டி ஆகும். யொரூபாவுக்கு மூன்று தொனிகள். சீன்குவுக்கு நான்கு: மிகத் தாழ்ந்தது, தாழ்ந்தது, உயர்ந்தது, மிக உயர்ந்தது. ஒரே அசைக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் தொனிகளும் உண்டு. இலக்கணமும் தொனியில்தான் ஓடுகிறது. ஒருமையைப் பன்மையாக்க நாம் ‘கள்’ சேர்க்கிறோம். அவர்கள் உயிரெழுத்தை மாற்றித் தொனியையும் உயர்த்துகிறார்கள்.

ஆகவே ஒரு சம்ப்லா வாக்கியத்திலிருந்து மெய்யெழுத்து, உயிரெழுத்து எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டாலும், மிஞ்சும் ஏற்ற இறக்கத்தில் பொருளின் பெரும்பங்கு தங்கியிருக்கிறது. பலாஃபோன் வாசிப்பது அந்த மிச்சத்தைத்தான்.

நாதசுரத்தில் தெரிந்த கீர்த்தனை ஒலிக்கும்போது நம் மனம் சாகித்தியத்தை உடன் சொல்லிக்கொண்டே போகும். ஆனால் அது முன்பே மனப்பாடமான பாட்டு. ‘தூணோரம் நிற்கும் சித்தப்பா, கொஞ்சம் முன்னால் வாருங்கள்’ என்று நாதசுரம் புதிதாக ஒரு வாக்கியம் சொன்னால் சித்தப்பா அசையமாட்டார். சம்ப்லா ஊரில் அவர் முன்னால் வந்துவிடுவார்.

ஒரு பான் கருவியை மூவர் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒருவர் அடிச்சுரப் பகுதியையும் இன்னொருவர் நடுப்பகுதியையும் பிடித்துக்கொண்டு பாட்டின் சுழற்சியை விடாமல் ஓட்ட, உச்சப் பகுதியில் இருப்பவர்தான் தலைவர். பேச்சு அவருடையது. உடன் வாசிப்பவர் தடுமாறினால் அவரைத் திருத்துவதும் பலகை வழியாகத்தான். கல்யாணம், சாவு, திருவிழா, ஊர் கூடி ஒருவர் நிலத்தை உழும் நாள் என்று எல்லாவற்றுக்கும் பான் வரும். கூட்டத்தில் வசதியானவர் ஒருவர் தென்பட்டால் தலைவரின் குச்சி அவர் பக்கம் திரும்பும். அவரை அழைக்கும், குலத்தைப் புகழும், கை நீட்டும். அவர் ஏதோ சமாதானம் சொல்வார். பலகை உடனே மறுமொழி சொல்லும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் புரிந்துவிட்டது. பிடித்த பாட்டைக் கேட்க ஒருவர் வாயால் கூவினால், எந்தப் பாட்டு என்ற கேள்வி குச்சியிலிருந்து வரும்.

இந்த உரையாடலின் அமைப்பை வாசகர் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே கருவி. மறுபக்கம் மனிதக் குரல். வாசிக்கத் தெரிந்தவர் சில குடும்பங்களுக்குள் அடங்குவர். கேட்டுப் புரிந்துகொள்பவர் ஊர் முழுவதும் இருப்பர். யாரும் அவர்களைப் பள்ளியில் வைத்துச் சொல்லித்தரவில்லை. தொட்டிலிலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பலாஃபோனின் வரலாறு என்றால் நாம் மேதைகளின் பெயர்களைத் தேடுகிறோம். என் கருத்தில் இந்தக் கலையின் பாதி அந்தப் பெயரற்ற காதுகளில் இருக்கிறது. அவை இல்லாமல் போனால் எப்பேர்ப்பட்ட மேதையும் வெறும் வாத்தியக்காரர்தான்.

சரி, பலகையில் வெறும் தொனி மட்டும் வந்தால் குழப்பம் வராதா? ஒரே தொனிவரிசை கொண்ட சொற்கள் எத்தனையோ இருக்குமே? காங்கோ முரசு இதற்குக் கண்ட வழியைச் சென்ற இதழில் பார்த்தோம்: ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு நீண்ட தொடர். நிலவை நிலவு என்று மட்டும் சொல்லாமல், மண்ணை நோக்கிப் பார்க்கும் நிலவு என்பார்கள். இரண்டே தொனி உள்ள மொழியில் அப்படி நீட்டாமல் முடியாது. சம்ப்லா வழியில் அவ்வளவு நீட்டல் இல்லை. நான்கு தொனி இருப்பது முதல் உதவி. உயிர் குறிலா நெடிலா என்பதைத் தட்டும் கால அளவு காட்டிவிடுகிறது. சீன்குவில் பல சொற்களுக்கு முன்னால், ஒரு முழு அசைக்குக் குறைவான ஒரு சிறு ஒலி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காட்ட, முதன்மைத் தட்டலுக்கு முன் மின்னலாக ஒரு மெல்லிய தட்டு விழும். மீதியைச் சூழல் பார்த்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில், பணக்கார விருந்தாளி எதிரில், பலகை என்ன சொல்லக்கூடும் என்பது ஊருக்கு ஓரளவு தெரிந்ததுதானே. வழக்கமாக வரும் தொடர்கள் பல உண்டு. அவற்றுக்கு நடுவே புத்தம்புதிய வாக்கியமும் நுழையும்.

பானின் சுரவரிசை ஐந்து சுரங்களால் ஆனது. நான்கு தொனிகளையும் அந்த ஐந்துக்குள் அமர்த்தி, கீழே ஓடும் பாட்டுக்கும் முரண்படாமல், கேட்பவர் காதில் சொல்லாக விழவைக்க வேண்டும். தலைவர் ஆவதற்கு ஏன் ஆண்டுக்கணக்கில் உடன்வாசிப்பாளராக இருக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதுவே போதுமான விளக்கம்.

அறிவுலகம் இங்கே வந்துசேரத் தாமதமாயிற்று. முரசுப் பேச்சைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1957இல் தியோடர் ஸ்டெர்ன் என்ற மானுடவியலாளர், உலகெங்கும் உள்ள முரசு, சீழ்க்கை மொழிகளைத் தொகுத்து வகைப்படுத்தினார். பேச்சின் ஒலியிலிருந்தே ஒரு பகுதியை எடுத்து ஒலிக்கும் முறை வேறு, மோர்ஸ் தந்தியைப்போல எழுத்துக்கு எழுத்து குறியீடு வைக்கும் முறை வேறு என்பது அவர் காட்டிய வேறுபாடு. பலாஃபோன் முதல் வகை. ‘ரகசியக் குறியீடு’ என்று இதைச் சுற்றுலாக் கட்டுரைகள் இன்றும் எழுதுவது தவறு. இது குறியீடல்ல, ரகசியமும் அல்ல. பேச்சின் ஒரு பகுதி மரத்தில் ஏறி வருகிறது.

ஜூலி ஸ்ட்ராண்ட் சம்ப்லா ஊர்களில் தங்கி பான் இசையைக் கற்று, 2009இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். அடுத்து, டார்ட்மவுத் கல்லூரியின் மொழியியலாளர் லாரா மெக்ஃபெர்சன் சீன்கு மொழியின் இலக்கணத்தை எழுத வந்தார். அந்த இலக்கணம் 2020இல் நூலாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 2018இல், பலாஃபோன் பேச்சின் இலக்கண விதிகளைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்.

அவர் கண்டது சிறிய செய்தி அல்ல. இயல்பான பேச்சில் சொற்கள் அடுத்தடுத்து வரும்போது ஒன்றின் தொனி மற்றதை உரசி மாற்றிவிடும். நாம் எழுதும் சொல் பேசும்போது வேறாக ஒலிப்பதில்லையா, அதுபோல. கலைஞர் பலகையில் வாசிப்பது வாயில் வரும் அந்தக் கடைசி ஒலியை அல்ல. சொல்லுக்கே உரிய தொனியையும் இலக்கணம் கொண்டுவரும் தொனி மாற்றத்தையும் வாசிக்கிறார். பேச்சின் ஓட்டத்தில் கடைசியாக நேரும் உரசலை விட்டுவிடுகிறார். ஆக, எழுத்து வழக்கம் வேரூன்றாத ஒரு மொழியின் கலைஞர், ஏட்டு இலக்கணம் எதையும் படிக்காமலே, பன்மைக்குரிய உயர்வு எது, சந்தியில் தானாக நேர்ந்த மாற்றம் எது என்று கைவிரலால் பிரித்துக்காட்டுகிறார். மொழியியலாளர்கள் பல ஆண்டுகள் வாதாடிய கேள்வி இது: பேசுபவர் மனத்தில் இந்த அடுக்குகள் உண்மையிலேயே தனித்தனியாக இருக்கின்றனவா, அல்லது அறிஞர் கட்டிய கற்பனையா? பானின் தலைவர் தன் வேலையைச் செய்தபடியே அதற்கு ஒரு பதிலைத் தந்திருக்கிறார். அவரை நான் இலக்கண ஆசிரியர் என்றே அழைப்பேன், மரியாதையோடு.

சம்ப்லா தனித்து நிற்கும் விந்தை அல்ல. ஐவரி கோஸ்ட்டின் வடக்கே செனுஃபோ மக்களின் பலாஃபோனும் சாவு வீட்டிலும் உழவுப் போட்டியிலும் பேசும். ஹியூகோ செம்ப் 2001–02இல் எடுத்த ஆவணப்படங்களில் அதைக் காணலாம். மாலி, புர்க்கினா ஃபாசோ செனுஃபோக்களின் பலாஃபோன் மரபை யுனெஸ்கோ 2011இல் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஐவரி கோஸ்ட்டும் சேர்ந்தது.

கிழக்கே, கானாவின் வடமேற்கு மூலையிலும் எல்லைக்கு அப்பாலும் வாழும் டகாரா மக்களின் ‘கில்’ கருவியிடம் சற்று நிற்க வேண்டும். காட்டில் வாழும் குறள்தேவதைகளிடமிருந்து மனிதன் பெற்றது கில் என்பது அவர்கள் நம்பிக்கை. சாவு நேர்ந்தால் முதலில் ஒலிப்பது அதுதான். இறந்தது ஆணா பெண்ணா என்பதை அது வாசிக்கும் முறையே அயல்வீடுகளுக்குச் சொல்லிவிடும். உடலை அலங்கரித்து உயரமான மேடையில் அமர்த்துவார்கள். அருகே கில்களும் ஒரு குடுக்கை முரசும். ஒப்பாரி பாடுபவர் கில்லோடு இழைந்து பாடுவார். துயரம் தாளாதவர்கள் ஓடிவந்து கலைஞர்முன் சோழிகளை வீசுவார்கள். அந்தச் சோழிகளின் கதை நமக்கு நெருக்கமானது. மாலத்தீவுக் கடலில் அள்ளியவை பல கை மாறி மேற்கு ஆப்பிரிக்காவில் பணமாயின. மாலத்தீவில் சோழியைப் பார்த்த இபுன் பதூதா மாலியிலும் அதே சோழி செலாவணியாவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

1929இல் ‘வெண் தந்தையர்’ சபையின் கத்தோலிக்கக் குருமார் கானாவின் ஜிராப்பாவில் பணி தொடங்கினார்கள். டகாரா மக்கள் பெருந்திரளாக மதம் மாறினார்கள். மாறியவர்கள் கில் வாசிப்பதற்கும் அது ஒலிக்கும் சடங்குகளுக்கும் முதலில் தடை வந்தது. தடை கொடுமையானதுதான்; ஆனால் இந்த வரலாற்றில் அதற்கு ஒரு பொருள் உண்டு. வாயால் யாரும் பாடாவிட்டாலும் கில்லின் மெட்டில் முன்னோரும் பழைய தெய்வங்களும் பெயரோடு ஒலித்தார்கள். பதூதாவும் ஜாப்சனும் கேட்காததை அந்தக் குருமார் கேட்டுவிட்டார்கள், கேட்டதனால் அஞ்சினார்கள். பின்னர் திருச்சபையின் மனம் மாறிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு உள்ளூர் மொழியிலும் உள்ளூர் இசையிலும் வழிபாடு வழக்கமானபோது, கில் கோவிலுக்குள்ளேயே வந்து அமர்ந்தது. இன்று டகாரா திருப்பலியில் அது இல்லாமல் பாட்டில்லை.

கில்லை உலக மேடைக்குக் கொண்டுபோனவர்கள் இருவர். கக்ராபா லோபி (1939–2007) கானா பல்கலைக்கழகத்தில் கால் நூற்றாண்டு கற்பித்தவர். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் தனியாளாக வாசித்தார். பெர்னார்ட் வோமா (1966–2018) கைகளை இறுக மூடியபடி பிறந்தார். குச்சியைப் பிடித்த கை, இவன் கில் வாசிக்கப் பிறந்தவன் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். அக்ராவுக்கு அருகே மேடியே என்ற ஊரில் அவர் நிறுவிய இசை மையத்துக்கு உலகின் பல பக்கங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள்.

இனி மரத்துக்கு வருவோம். பலகைகளுக்குக் கைதேர்ந்த தச்சர் தேடுவது மேற்கு ஆப்பிரிக்காவின் ‘ரோஸ்வுட்’. தாவரவியலில் அது நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் ஒரே பேரினத்து உறவு. அதை அறுத்து, தீயின் வெம்மையில் பக்குவமாக உலர்த்தி, அடியில் செதுக்கிச் செதுக்கிச் சுரம் சேர்ப்பார்கள். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் இந்த மரம் சீனத்து மரச்சாமான் சந்தைக்காகக் கப்பல் கப்பலாக வெட்டிப் போயிற்று. ஆந்திரக் காடுகளில் செம்மரத்துக்கு நேர்ந்ததை அறிந்த நமக்கு விவரிக்க வேண்டியதில்லை. 2016இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கை மாநாடு இந்த மரத்தையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கலைஞருக்கு ஒரு கருவிக்கு வேண்டியது ஒரு மரத்தின் சிறு பகுதி. அதுவும் கிடைக்காமல் போனால் அந்தப் பழி அவர்மேல் இல்லை.

மரத்தைவிட எனக்குக் கவலை தருவது காது. சம்ப்லா பிள்ளைகளுக்குப் பள்ளி மொழி பிரெஞ்சு. போபோ-டியுலாசோவில் வேலைக்கும் சந்தைக்கும் ஜூலா மொழி. வீட்டில் சீன்கு பேசினாலே பலாஃபோன் புரிந்துவிடாது. பான் ஒலிக்கும் விழாக்களில் பெரியவர்கள் நடுவே இருந்து கேட்டுக் கேட்டு வளர வேண்டும். நகரத்தில் வளரும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு குறைவு. மொழி ஒன்று அழியும்போது அகராதி எழுதுகிறோம், பாட்டைப் பதிவுசெய்கிறோம். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனை எந்தப் பெட்டியில் வைப்பது? சம்ப்லா கலைஞரோடு அமர்ந்து, அவர் வாசித்ததை அவரே வாயால் சொல்ல, இரண்டையும் அருகருகே பதிவுசெய்வது ஒன்றுதான் வழி. மெக்ஃபெர்சன் குழுவினர் அதைத்தான் செய்கிறார்கள். அது இன்னும் பல மடங்கு பெருக வேண்டும். செனுஃபோ, டகாரா, போபோ என்று ஒவ்வொரு மக்களிடமும் நடக்க வேண்டும். செய்ய வேண்டியவர்கள் அமெரிக்கர் மட்டுமல்ல. புர்க்கினா ஃபாசோவின் பல்கலைக்கழகங்களுக்கு இதற்கான பணம் கிடைக்க வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சம்ப்லா குலத்தில் பிறந்து, இப்போது ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் வாழும் மமதூ டியாபத்தேயின் இசைப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். இதே பெயரில், கோரா என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கும் மாலி நாட்டுக் கலைஞர் ஒருவரும் புகழ்பெற்றவர். அவர் வேறு, இவர் வேறு. கேட்கும்போது தாளச் சுழற்சியிலிருந்து விலகி, உச்சப் பலகைகளில் ஒழுங்கற்ற நடையில் சில தட்டுகள் விழும் இடங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் அங்கே பேச்சு நடக்கிறது.

அடுத்த இதழில் நைஜீரியாவுக்குப் போவோம். கக்கத்தில் இடுக்கி, வார்களை அழுத்தி, தொனியை ஏற்றி இறக்கும் யொரூபாவின் டுண்டுன் முழவு காத்திருக்கிறது.